குமிழிமேல் போட்ட பழி

அந்தக் கல்லூரியின் முதலாம் ஆண்டு வேதியியல் லேபை ஆண்டுகொண்டிருந்த அம்மாளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே புழக்கத்தில் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் குமிழி மேடம். யாருடைய சோதனை தப்பாக வந்தாலும், எதனால் தப்பாக வந்தாலும், "குமிழி ஒட்டியிருக்கும், தட்டு" என்பார். தராசில் சாப்பாட்டு டப்பாவையும் சேர்த்து வைத்து எடை போட்டவனுக்கும் இதே மருந்துதான்.

மேடம் இந்த உலகத்துக்கு விட்டுப்போக இருந்த சொத்து ஒன்று உண்டு. அது மாணவர் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்படும் நீலத் தாள். முன்பக்கம் அணு நிறைகள், உலோகங்களின் அடர்த்தி. பின்பக்கம் சூத்திரங்கள்: நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி, செல்சியஸோடு 273.15 கூட்டினால் கெல்வின், கடைசியில் கட்டம் கட்டி விழுக்காட்டுப் பிழை. கிடைத்த விடைக்கும் சரியான மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரியான மதிப்பால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். உச்சியில் 'தொகுப்பு' என்று மேடத்தின் பெயர், வாயு மாறிலியைவிடப் பெரிய எழுத்தில்.

அந்தச் சூத்திரம் லேபோடு நிற்கவில்லை. பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போன கணவர் கால் மணி நேரம் கழித்து வந்தால், வாசலிலேயே அவருக்கு விடை தயாராக இருக்கும். "ஐம்பது விழுக்காடு பிழைங்க." பாவம் அந்த மனுஷர், பிற்காலத்தில் எங்கே போனாலும் எப்போது வருவேன் என்று சொல்வதையே விட்டுவிட்டார். பிழை பூஜ்யமாகிவிட்டது.

நீலத் தாளில் துத்தநாகத்தின் அடர்த்தி 7.41 என்று இருந்தது. உண்மையில் அது 7.14. தட்டச்சு செய்த அன்று எவனாவது நடுவில் வந்து தொணதொணத்தானோ, கைதான் வழுக்கியதோ, இரண்டு எண்கள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. உட்கார்ந்தவை வருஷக்கணக்காக எழுந்திருக்கவே இல்லை.

இப்படிப்பட்ட தப்பு முதல் வாரமே அகப்பட்டிருக்காதா என்று கேட்பவர்கள் லேபுக்குள் கால் வைத்ததில்லை. அங்கே முதலில் விடையை எழுதுவார்கள். பிறகு அந்த விடைக்குத் தோதான அளவுகளை எழுதுவார்கள். நேரம் மிச்சமிருந்தால் சோதனையும் செய்வார்கள். அதிலும் மேடத்தின் லேபில் பிழை இரண்டு விழுக்காட்டைத் தாண்டினால் முட்டை. முட்டை வாங்க யாருக்கு ஆசை?

சோதனை என்னவோ எளிமையானதுதான். அளவு ஜாடியில் நாற்பது மில்லி தண்ணீர். அதில் 90.68 கிராம் துத்தநாகத் துண்டுகளைப் போட்டால் மட்டம் 52.7க்கு ஏறும். நீலத் தாளை மெய்யாக்க வேண்டுமென்றால் அது 52.2ல் நிற்க வேண்டும். அரைக் கோடு வித்தியாசம். கொஞ்சம் குனிந்து, கொஞ்சம் கண்ணைச் சுருக்கி, கொஞ்சம் மனசு வைத்தால் முடிகிற காரியம். தப்பித் தவறி எவனாவது உள்ளதை உள்ளபடி படித்துவிட்டால், "பார்த்தியா, குமிழி! அதான் மட்டம் கூடக் காட்டுது. தட்டு" என்பார் மேடம். தட்டுவான். குமிழி போகிறதோ இல்லையோ, பயம் வந்துவிடும். மட்டம் தானாக இறங்கும். தட்டித் தட்டி உடைந்த ஜாடிகளின் கணக்கு தனி.

மேடமே செய்துகாட்டினாலும் 52.2தான். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பற்றி வீட்டில் ஒரு தகராறு வெகுநாளாக நடந்துகொண்டிருந்தது.

"கண்ணாடிய மாத்தேன். பஸ் நம்பரே என்னைக் கேட்டுத்தான் ஏறுற" என்றார் கணவர்.

"கோட்டுக்கு நடுவுல இருக்கிறத பத்தில் ஒரு பங்கு வரைக்கும் கணிக்கிற கண்ணுங்க இது. அனுபவம்!"

அனுபவம் குழம்பில் உப்புக்குப் பதில் சர்க்கரையைக் கொட்டிய அன்றுதான் மேடம் கண் டாக்டரிடம் போனார்.

புதுக் கண்ணாடியோடு லேபுக்கு வந்த முதல் நாளே அந்தப் பெண் வந்து நின்றாள். மற்ற எல்லாப் பாடத்திலும் எப்படியோ கரையேறிவிட்டு, இந்த ஒரு லேபில் மட்டும் இரண்டு தடவை கவிழ்ந்தவள். பெயிண்ட் கம்பெனி ஒன்றில் வேலை காத்திருந்தது, சான்றிதழைக் காட்டினால் சேர்ந்துவிடலாம். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். அவள் நீட்டிய தாளில் துத்தநாகத்தின் அடர்த்தி 7.14 என்று இருந்தது.

மேடம் மனதுக்குள்ளேயே சூத்திரத்தைப் போட்டார். "3.64 விழுக்காடு. முட்டை. குமிழியைத் தட்டினியா?"

"தட்டினேன் மேடம்."

"ஒழுங்கா தட்டியிருக்க மாட்ட."

"மேடம், இதுலயும் போச்சுன்னா வேலை போயிடும் மேடம்."

மேடத்துக்கு மனசு இளகாமல் இல்லை. இளகியதால்தான், ஒரேயடியாக விரட்டாமல், எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டித் தருகிற பெருந்தன்மைக்கு இறங்கினார். துத்தநாகத்தை எடை போட்டார், 90.68. தண்ணீரை நாற்பதுக்கு நிரப்பினார். துண்டுகளைப் பக்குவமாக உள்ளே வழுக்கிவிட்டார். தட்டினார். குனிந்தார்.

52.7.

மறுபடி தட்டினார். 52.7. ஜாடி சரியில்லை என்று வேறு ஜாடி எடுத்தார். தராசைத் திட்டினார். துத்தநாகம் விற்றவனைத் திட்டினார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மட்டம் சமர்த்தாக 52.2க்கு வந்துவிட்டது. மாட்டினார், ஏறிவிட்டது. கண் டாக்டரையும் திட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மெல்ல வாயைத் திறந்தாள்.

"சுவத்துலயும் 7.14ன்னுதானே மேடம் போட்டிருக்கு?"

மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் பெரிய தனிம அட்டவணை ஒன்று தொங்கியது. ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் பொடி எழுத்தில் அடர்த்தி. இத்தனை வருஷமும் வகுப்பு மொத்தமும் அதைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தது, மேடம் மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இப்போது திரும்பிப் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. எத்தனை பிள்ளைகளை உருட்டி மிரட்டி இந்தப் பொய்யைச் சொல்ல வைத்தோம் என்று எண்ணிப் பார்த்தார்.

பிறகு வேறொன்று உறைத்தது. "ஏம்மா, நீ சுவத்தப் பார்த்தா எழுதின?"

"நீலத் தாள் தொலைஞ்சு போச்சு மேடம்." பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "துத்தநாகத்த நான் தண்ணியிலயே போடல."

ஆக, அந்த லேபில் முதன்முதலாகச் சரியான விடை கொண்டுவந்தவள் சோதனையே செய்யாதவள். நேர்மைக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை, காப்பியடித்த இடம் மட்டும் நல்ல இடம்.

மேடம் துறைத் தலைவரிடம் போய்த் தன் தப்பைச் சொன்னார். அவர் நீதிமான். நாற்காலியில் சாய்ந்து வெகுநேரம் யோசித்து, "பழைய பசங்க மனசும் நோகக் கூடாது, புதுப் பசங்களும் குழம்பக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல 7.28ன்னு போட்டுடுங்களேன்" என்றார். இப்படி ஒருவர் கையில் துறை இருக்கும்போது துத்தநாகம் இன்னும் உலோகமாகவே இருப்பதுதான் ஆச்சரியம். மேடம் நேராக லேபுக்குத் திரும்பி, நீலத் தாளில் 7.41ஐச் சிவப்பு மையால் அடித்து 7.14 என்று எழுதினார்.

"இப்ப நீ செய்" என்றார் பெண்ணிடம். "சுவத்தப் பார்க்காத, என்னையும் பார்க்காத. முதல்ல தட்டு, அப்புறம் படி."

பெண் துண்டுகளைத் துடைத்துப் போட்டாள், தட்டினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள். "53.2 மேடம்."

வகுத்தாள். 6.87 வந்தது. பின்பக்கச் சூத்திரத்தைப் போட்டாள். 3.78 விழுக்காடு. அவள் முகம் செத்துப்போயிற்று. "இன்னொரு தட்டு தட்டவா மேடம்? இறங்கிடும்."

"தொடாத." மேடத்தின் குரலைக் கேட்டு அவரே ஒரு கணம் திகைத்தார். "நம்பரப் பார்த்துட்டுத் தட்டக் கூடாதும்மா. அதைத்தான் இத்தனை வருஷமா நான் செஞ்சுட்டிருந்தேன். வந்தத எழுது."

"எழுதினா முட்டையாச்சே மேடம்?"

"சரியான மதிப்புக்கும் உன் விடைக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

"0.27."

"நீலத் தாள்ல இருந்ததுக்கும் சரியான மதிப்புக்கும்?"

பெண் கழித்துப் பார்த்தாள். அதுவும் 0.27.

"அதுக்கு எனக்கு யாரும் முட்டை போடலையே" என்றார் மேடம். "நீயாவது அளந்த. பாஸ், போ."

பெண் பேனாவை எடுத்தாள். எழுதிக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றாள். "பிழைக்குக் காரணம்னு ஒரு இடம் இருக்கே மேடம், அதுல என்ன எழுத?"

மேடம் குனிந்து, புதுக் கண்ணாடி வழியாக ஜாடியின் அடியைப் பார்த்தார். துத்தநாகத் துண்டுகளின் இடுக்குகளில் ஏழெட்டு மணிகள் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"குமிழின்னு எழுது" என்றார். "இந்தத் தடவை நிஜமாவே அதுதான்."