மேற்கே திரும்பாத பிரார்த்தனை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ரேஷன் கடை வரிசையில் யாராவது இடையில் நுழைந்தால் விடமாட்டேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசில் டி.சி. வாங்க வரும் பெற்றோர்கள் என் மேஜைக்கு வருவதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு பொய் சொன்னேன். பயந்துபோய்ச் சொன்ன பொய். அதை நினைத்தால் இப்போதும் சோறு பிசையும் கை அப்படியே நின்றுவிடுகிறது.

நாங்கள் பஹாய்கள். இலுப்பூரில் விவசாயம் பார்த்த என் அப்பா, கல்யாணத்துக்கு முன்பே இந்த மதத்தை ஏற்றுக்கொண்டவர். சொந்தக்காரர்கள் எல்லாரும் விபூதி பூசுகிறவர்கள். ஆகவே சின்ன வயதிலிருந்தே கேள்விகள்தான். ஒங்க சாமி எது, கோயில் எங்க இருக்கு, மாலை போடுவீங்களா. பத்து வயதுக்குள் எனக்கு ஒரு பதில் தயாராகிவிட்டது. கடவுள் ஒருவர். எல்லா மதங்களும் அவரிடமிருந்து காலத்துக்கேற்ப வந்தவை. மனிதர்கள் ஒரே குடும்பம். ஆணும் பெண்ணும் சமம். எங்களுக்குப் பூசாரி கிடையாது, அவரவர் பிரார்த்தனையை அவரவர் செய்வோம். இதைக் கேட்டு யாரும் சண்டைக்கு வந்ததில்லை. "நல்ல விசயந்தானே" என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். தலையாட்ட முடியாத பகுதியை நான் சொல்லவே மாட்டேன். அதைப் பக்குவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறந்தாங்கியில் எங்கள் வீடும் அக்காவின் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. தண்ணீருக்கு ஒரே போர் பைப். என் கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். அக்கா கடலோரக் கட்டுமாவடிக்காரர், கத்தோலிக்கர். அவருடைய கணவர் ஒரு நாள் விடியற்காலையில் படகில் போனார். படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஊரில் இருக்கப் பிடிக்காமல் அறந்தாங்கிக்கு வந்து, சந்தையில் கருவாட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் சிடுசிடுத்தால் சிரிக்கிற ஒரே மனுஷி அவர்தான்.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு கிண்ணம் பருப்புக் குழம்பில். மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அவர்களுக்குத் தவக்காலம், அன்றைக்குக் கவுச்சி கிடையாது. சுடச்சுடக் கொண்டுவந்து நீட்டி, "ஒரு வாய் சாப்புட்டுப் பாரு, உப்பு பத்துமானு சொல்லு" என்றார். நான் வேண்டாம் என்றேன். மறுநாளும் ஏதோ கொண்டுவந்தார், அன்றைக்கும் வேண்டாம் என்றேன். மூன்றாம் நாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கடக்கரைக்காரி வீட்டுச் சாப்பாடு எறங்காதோ, தங்கச்சி?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் ஒருவர் கொடுத்த சாப்பாட்டை வேண்டாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்துச் சொன்னேன். எங்களுக்கு இது நோன்பு. பத்தொன்பது நாள். சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை சாப்பாடும் தண்ணீரும் கிடையாது. முடிந்த மறுநாள் எங்கள் புத்தாண்டு.

அக்கா யோசித்தார். "நாங்க நாப்பது நாளு. ஒங்களுக்குப் பத்தொம்பதுதானா? கடவுளு தள்ளுபடி குடுத்துருக்காரு."

"பச்சத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுக்கா."

"அப்ப தள்ளுபடி இல்ல, விடு" என்றார்.

அன்று மாலை சூரியன் மறைந்த பிறகு அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். அந்த வருடம் ரம்ஜானும் கூடவே வந்திருந்ததால் தெருமுனைப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் சத்தம் கேட்டதும் அக்கா எனக்கும் தண்ணீர் ஊற்றி நீட்டினார். ஒரு வாரத்துக்குள் என் மதத்தைப் பற்றி எனக்கே கேட்கத் தோன்றாத கேள்விகளை எல்லாம் கேட்டுவிட்டார். பாவசங்கீர்த்தனம் உண்டா, சாமியார்கிட்டப் பாவத்தைச் சொல்றது? கிடையாது, மன்னிப்பைக் கடவுளிடம்தான் கேட்போம். செத்தால் எரிப்பீங்களா, புதைப்பீங்களா? புதைப்போம். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீங்க? துணி துவைப்போம்.

அந்தத் தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வார்கள். அன்பியம் என்று பெயர். அந்த வாரம் அக்கா வீட்டில் நடந்தது. "இவுக மதத்தப் பத்திக் கேளுங்க, அம்புட்டு நல்லாருக்கு" என்று என்னை நாலைந்து பெண்களுக்கு நடுவில் உட்கார வைத்தார். நான் என் பழைய பதிலை எடுத்துவிட்டேன். கடவுள் ஒருவர், மனிதர்கள் ஒரே குடும்பம். எல்லாரும் தலையாட்டினார்கள். இயேசுவைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். அவர் கடவுளிடமிருந்து வந்தவர், அவரை ஏற்றுக்கொள்ளாமல் நாங்கள் பஹாயாக இருக்கவே முடியாது என்றேன். அது உண்மைதான். அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

அக்கா கேட்டார், "சேசு திரும்பி வருவாருன்னு நீங்களும் காத்திருக்கீங்கல்ல?"

அவரே மற்றவர்களைப் பார்த்துத் தொடர்ந்தார். "எனக்கு அந்த ஒரு நாளுதான் கணக்கு. கல்லறை இருக்கவுக போயி மெழுகுவத்தி ஏத்துறாக. எனக்கு எங்கிட்டுப் போக? அவரு வர்ற அன்னைக்குச் செத்தவுக எந்திரிப்பாக, கடலு எம்புருசன விட்டுரும். அன்னைக்குத்தான் பாப்பேன்."

எங்கள் நம்பிக்கை வேறு. வருவதாகச் சொல்லப்பட்டவர் வந்துவிட்டார் என்பதுதான் எங்கள் மதத்தின் ஆதாரமே. போன நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் பாரசீகத்தில் பிறந்து, சிறையிலும் நாடுகடத்தலிலும் வாழ்ந்து மறைந்தவர் அவர்தான் என்று நம்புகிறோம். அதே ஆள் வானத்திலிருந்து இறங்குவதல்ல, அதே ஒளி இன்னொரு விளக்கில் ஏறுவது. இதைச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது, எங்கள் நம்பிக்கை கொஞ்சம் வேறக்கா, அப்புறம் பேசுவோம் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"வருவாருக்கா. நாங்களும் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றேன்.

"நாஞ் சொல்லல?" என்று அக்கா மற்றவர்களைப் பார்த்தார். அந்தப் பெருமை எனக்காக. உண்மை பேசுவதுதான் எல்லா நல்ல குணத்துக்கும் அடித்தளம் என்று பஹாய்க் குழந்தைகள் வகுப்பில் வாரந்தோறும் பாடம் எடுக்கிறவள் நான். அடுத்த வாரமும் எடுத்தேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் அன்று அக்கா கட்டுமாவடிக்குப் பஸ் ஏறுவார். இதுவரை தனியாகப் போனவர் என்னைக் கூப்பிட்டார். "நீயும் சேசுவுக்காகக் காத்திருக்கவதானே, வா" என்றார். போனேன்.

அங்கே கடலில் பெரிய அலை கிடையாது. படகுகள் கட்டிக் கிடக்கும் இடத்தைத் தாண்டிப் போய், மணலில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் பதித்து அதற்குள் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். கருவாட்டு விலையிலிருந்து காம்பவுண்டு வேப்பமரம் வரைக்கும் கணவரிடம் வாய்விட்டுப் பேசுவார், இந்தக் குளிரில் கிடக்கிறாரே என்று அழுவார். பிறகு என்னிடம், "ஒங்க ஜெபத்தையும் சொல்லு" என்றார். இறந்தவர்களுக்கான எங்கள் பிரார்த்தனை ஒன்றைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டு, கடைசியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

எனக்குத் தினமும் செய்ய வேண்டிய பிரார்த்தனை ஒன்று உண்டு. உச்சிப்பொழுதுக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில், கை முகம் கழுவி, எங்கள் மதத்தைத் தந்தவர் அடக்கமாகியிருக்கும் இடத்தை நோக்கி நின்று சொல்ல வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. நமக்கு அது மேற்குத் திசை. கட்டுமாவடியில் கடல் கிழக்கே. மேற்கே திரும்பினால் கடலுக்கு முதுகு காட்ட வேண்டும். ஏன் அங்கிட்டுத் திரும்புற என்று அக்கா கேட்பார். அங்கே யார் இருக்கிறார் என்று சொல்ல வேண்டிவரும். அவர் யார் என்று சொன்னால் பொய் வெளியே வந்துவிடும். நான் திரும்பவில்லை. அக்கா பக்கத்திலேயே கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டில் வேலை கிடக்கிறது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தி அவரைப் பஸ் ஏற்றி, அஸ்தமனத்துக்குள் வீட்டுக்கு ஓடிவந்து பிரார்த்தித்தேன். அடுத்த வருடமும் அதையே செய்தேன். கடவுளிடம் பேசுவதற்காக ஒரு மனுஷியை ஏமாற்றி இழுத்துக்கொண்டு வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்கடுத்த மார்ச்சில் எங்கள் புத்தாண்டுக்கு இலுப்பூரிலிருந்து என் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். உரக்கடை வைத்திருக்கிறான். பூசி மெழுகிப் பேசத் தெரியாதவன். அக்கா கேசரி செய்து எடுத்துவந்தார். பிரார்த்தனை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பேச்சோடு பேச்சாக அவனிடம் கேட்டார்.

"ஒங்க ஊருலயும் நெறையப் பேரு இருக்கீங்களா தம்பி, சேசு வருவாருன்னு காத்துக்கிட்டு?"

தம்பி நிமிர்ந்து, "இல்லைங்கக்கா. வந்துட்டாருன்னு நம்புறோம். அதனாலதான் எங்களுக்குன்னு ஒரு மதமே இருக்கு" என்றான். பிறகு, "நீங்க ஒத்துக்கணும்னு இல்லைங்க" என்றும் சொன்னான். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன். அவர் தட்டில் இருந்ததை முழுதும் சாப்பிட்டு முடித்தார். எழுந்துபோய்த் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாரேன்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அவர் தன் தட்டைக் கழுவி வைத்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குப் பழக்கமான காரியம், சமாளித்திருப்பேன். போர் பைப்பில் பார்த்தால் சிரிப்பார். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பார். குழம்புக் கிண்ணம் வருவது நின்றுபோனது. அன்பியத்துப் பெண்கள் என்ன நினைப்பார்களோ என்று வெட்கத்தில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். அவர்கள் எப்போதும் போலத்தான் பேசினார்கள். அக்கா யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. புறம் பேசுவதை எங்கள் மதம் கடுமையாகத் தடுத்திருக்கிறது என்று பெருமையாக அவரிடம் ஒருநாள் சொல்லியிருந்தேன். அதைக் கடைப்பிடித்தவர் அவர்.

எட்டு மாதம் அப்படியே போனது. கல்லறைத் திருநாளன்று காலையில் அவர் பையில் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டிருக்கும்போது போய் வாசலில் நின்றேன்.

"நான் பொய் சொல்லிட்டேன்கா."

"தெரியும்" என்றார். கதவைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகினார். "கெளம்பு. பஸ்ஸு போயிரும்."

கட்டுமாவடியில் இறங்கினோம். மழை வருகிற மாதிரி இருந்தது. கரையில் சிரட்டையைப் பதித்து அவர் மெழுகுவத்தி ஏற்றினார். உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. நான் பாட்டில் தண்ணீரில் கையும் முகமும் கழுவினேன். எழுந்து மேற்கே திரும்பினேன். எதிரே படகுகள், வலை உலர்த்தும் இடம், தூரத்தில் ரோடு. என் பிரார்த்தனையைச் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

"ஏன் அங்கிட்டுத் திரும்புன?" என்றார் அக்கா.

இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். மனப்பாடப் பதில் எதுவும் வாயில் வரவில்லை. திக்கித் திணறித்தான் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "சரி, அவரு வந்துட்டாருன்னே வச்சுக்குவோம். அப்ப கடல்ல போனவுக?" என்றார்.

"அவங்க கடல்ல இல்லக்கா. உசுரு பிரிஞ்ச அந்த நிமிசமே ஆத்மா அடுத்த ஒலகத்துக்குப் போயிரும். பிள்ள வயித்துக்குள்ள இருந்து வெளிய வர்ற மாதிரி. அங்க வளர்ந்துக்கிட்டே இருக்கும். நாம பிரார்த்திச்சா அதுக்கு ஒதவும். எதுக்காகவும் ஒரு நாளுக்காகக் காத்துக் கெடக்க வேணாம்."

"எம்புருசனுமா?"

"அவருந்தான்கா."

"அப்ப ஒங்க மதத்துப்படி, அவரு ஒரு நாளுகூட இந்தத் தண்ணிக்குள்ள கெடக்கல."

"இல்லக்கா."

தூறல் விழுந்து மெழுகுவத்தி அணைந்தது. அக்கா அதை மறுபடி ஏற்றவில்லை.

"நான் அத நம்பலை" என்றார். "எனக்கு எங்க சேசு வரணும். ஆனா இது ஒனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நான் வருத்தப்படுவேன்னு நெனச்சு மறச்ச. எம்புருசன் குளுருல கெடக்காரேன்னு இங்ஙன நான் அழுதப்ப, அவரு இங்க இல்லைங்கறது ஒனக்குத் தெரியும். ரெண்டு வருசம் எம்பக்கத்துல உக்காந்து கடலப் பாத்தியே தங்கச்சி. சொல்லியிருந்தா, நம்புறேனோ இல்லையோ, ஒரு நாளாச்சும் நானும் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து பாத்திருப்பேன்ல?"

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடலைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் அன்று சொல்லவில்லை.