சாக வேண்டிய பாத்தி

இளமதிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். அன்று உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. ஏறாமல் என்ன செய்யும்?

பழவேற்காட்டுப் பக்கம் அவளுடைய நைனா தணிகாசலத்தின் நெல் நிலத்தில் உப்புத் தண்ணீர் ஏறிப் பாழானபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்த எரிச்சலிலேயே பயிரியல் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு விதைக் கம்பெனியின் ஆய்வகத்தில் சேர்ந்தாள். வெளியிலிருந்து எதையும் நுழைக்காமல், நெல்லின் சொந்த மரபணுவிலேயே ஒரு சின்னத் திருத்தம் செய்து, உப்பைத் தாங்கும் பயிரை உண்டாக்கினாள். பாதி இளமை அதற்கே போயிற்று. கல்யாணப் பேச்சை எடுத்தவர்கள்மேல் எரிந்து விழுந்தாள்.

கம்பெனி வயலில் இரண்டு பாத்தி. ஒன்றில் திருத்திய நெல், பக்கத்தில் திருத்தாத நெல். இரண்டுக்கும் உப்புத் தண்ணீர்தான். திருத்தாதது கருகிச் சாக வேண்டும். அது செத்தால்தான் இது பிழைத்ததற்கு அர்த்தம். சோதனை தேறினால் அடுத்த பருவம் விதை நைனா நிலத்துக்குப் போகும்.

ஐதராபாத்தில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பியவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். இரண்டு பாத்தியும் பச்சைப் பசேல் என்று இருந்தன.

மேலாளர் சந்திரமோகன் பூரிப்போடு வந்தார். பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் வேப்பமரத்துக்கும் சுண்ணாம்பு அடிக்கிற மனிதர்.

“நாளைக்கு விசிட் மேடம். பூஜை போட்ற எடத்துல கருகுற பயிரு அபசகுனம். அதான் ஒரு வாரமா ரெண்டு பாத்திக்கும் லாரில நல்ல தண்ணி வுட்டேன். எப்டி கீது பாருங்க!”

“சாவுறதுக்குன்னே நட்ட பயிரு சார் அது! அதைக் காப்பாத்தி என் பயிரைக் கொன்னுட்டீங்களே!”

“இதுக்குப் போயி ஏன் பேஜாரு பண்ணிக்கினு கீறீங்க? அது வாடிக் கெடந்தப்போ எடுத்த போன மாச போட்டோ கீதுல்ல, சமாளிச்சிக்கலாம்.”

சமாளிப்பதாம்! கன்னத்தில் அறையலாம் போல் இருந்தது அவளுக்கு.

மறுநாள் பூஜை, பூமாலை, மேளம், சால்வை எல்லாம் ஆயிற்று. வேளாண்மைத் துறையிலிருந்து வந்திருந்த அதிகாரி இரண்டு பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணாதானே இருக்கு? அப்புறம் எதுக்கும்மா இந்த ஆராய்ச்சி?”

எதையாவது சொல்லிவை என்று சந்திரமோகன் கண்ணைக் காட்டினார். இளமதி மைக்கை வாங்கினாள்.

“ரெண்டுத்துக்கும் லாரில நல்ல தண்ணி கொண்டாந்து வுட்டுக்கிறாங்க சார். இந்தச் சோதனை செல்லாது. மறுபடி மொதல்லேருந்து போடணும்.”

சந்திரமோகன் ஒயரைப் பிடுங்க ஓடினார். அவள் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

“எங்க நைனா நெலத்துக்கு எந்த லாரியும் வராது சார்!”