இந்த வருஷம் போய்ச் சேர்ந்தவர்கள்

பெரிய மனிதர் ஒருவர் இறந்தால் நாடு துக்கத்தில் மூழ்கும். எங்கள் அலுவலகத்தில் முதலில் போட்டோ தேடுவோம்.

கடலூரில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் பத்து வருஷமாக நான் செய்தி எழுதுகிறேன், வாசிக்கிறேன். ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் 'இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்' என்று அரை மணி நேர நிகழ்ச்சி உண்டு. நடிகர், பாடகி, கவிஞர், விஞ்ஞானி என்று யார் போனாலும், எங்கள் ஊரைப் பொறுத்தவரை என் குரலில்தான் போயாக வேண்டும். முதலாளி சேகர் அண்ணன், கேமராவும் எடிட்டிங்கும் பார்க்கும் ஆரோக்கியம், அப்புறம் நான். மொத்த துக்கத்தையும் நாங்கள் மூன்று பேர்தான் தாங்குகிறோம். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றும் நேரத்தில் சாவுச் செய்தி என்று ஆபீஸிலிருந்து போன் வந்து இலையை மூடிவிட்டு ஓடியவர்களும், ஒருவர் உடம்பு மோசம் என்று கேட்டவுடன் 'ஐயோ' என்பதற்கு முன்னால் 'இன்னிக்கேவா?' என்று கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவர்களும் இதைப் படிக்கக்கூடும். வாங்க, நாமெல்லாம் ஒரே கட்சி.

ஆலமரம் சாய்ந்தது

ஒரு பழைய குணச்சித்திர நடிகர். மத்தியானம் வாட்ஸப்பில் அவர் போய்விட்டதாகச் செய்தி வந்தது. "கன்ஃபார்ம் ஆச்சாண்ணே?" என்று கேட்டேன். "மூணு குரூப்புல வந்துடுச்சு. அதுக்கு மேல இன்னா கன்ஃபார்ம்?" என்றார் சேகர் அண்ணன். பக்கத்து ஊர் சேனல்காரன் போடுவதற்குள் போட்டாக வேண்டும் என்பது அவர் கவலை. 'திரையுலகின் ஆலமரம் சாய்ந்தது' என்று ஆரம்பித்து நான் உருகி வாசித்துவிட்டேன். இருபது நிமிஷம் கழித்து ஒரு பெரிய சேனலில் ஆலமரம் தன் வீட்டு பால்கனியில் நின்று காபி குடித்துக்கொண்டே கையசைத்தது. அவசரமாக 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று அடியில் ஓடவிட்டோம். சேகர் அண்ணன் அதையும் எடுக்கச் சொன்னார். "அவரு உயிரோட இருக்கிறதுக்கு நாம வருந்துற மாதிரி இருக்கு பாரு."

அடுத்த வருஷம் அவர் நிஜமாகவே காலமானார். பட்டது போதும் என்று, எல்லா சேனலும் போட்ட பிறகுதான் நாங்கள் போட்டோம். எழுதி வைத்தது அப்படியே இருந்ததால் அதே ஆலமரம் அதே இடத்தில் மறுபடி சாய்ந்தது. டிசம்பர் நிகழ்ச்சியிலும் அவரைச் சேர்த்தோம். ஒளிபரப்பு முடிவதற்குள் நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார்.

"இன்னாம்மா, அவரைப் போன வருஷமே போட்டுட்டீங்களே. வருஷா வருஷம் தெவசம் குடுக்குறீங்களா?"

பேரைச் சொன்னால் வராது

பெரிய பின்னணிப் பாடகி ஒருவர் இறந்த மறுநாள், "மக்கள் கண்ணீர் வேணும்" என்றார் சேகர் அண்ணன். நானும் ஆரோக்கியமும் காலையில் தேவனாம்பட்டினம் போனோம். படகுகள் கரைக்கு வந்திருந்தன. மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர் பேர் அஞ்சலை. மைக்கை நீட்டி, பாடகியின் பேரைச் சொல்லி, அவர் மறைவு பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். "யாரு அவுங்க? நம்ம பட்டினத்து ஆளா?" என்றார். ஆயிரக்கணக்கில் பாடியவர், விருதெல்லாம் வாங்கியவர் என்று விளக்கினேன். "இருக்கும்மா. நல்ல மனுஷியாத்தான் இருக்கும். கொஞ்சம் தள்ளி நில்லு, நண்டை மெதிக்கிற" என்றார்.

கண்ணீர் கிடைக்காது என்று நான் மைக்கைச் சுருட்டினேன். ஆரோக்கியம் மட்டும் சும்மா தன் போனில் அந்தப் பாடகியின் பாட்டு ஒன்றைப் போட்டான். அஞ்சலையின் கை நின்றது. இரண்டாவது சரணம் வருவதற்கு முன்பே அவர் பாட ஆரம்பித்துவிட்டார், நடுவில் வரும் வீணையையும் வாயாலேயே வாசித்து. பக்கத்தில் இருந்த மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். சுனாமிக்கு அப்புறம் கேம்பில் இருந்தபோது கைக்குழந்தை தூங்காதாம்; விடிய விடிய இந்தப் பாட்டைப் பாடித்தான் தூங்க வைத்தாராம். அந்தக் குழந்தை இப்போது புதுச்சேரியில் நர்ஸ். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று, "இதைப் பாடுனவுங்களா செத்துட்டாங்க?" என்று கேட்டார். மீன் செதில் ஒட்டிய கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார்.

"மொதல்லயே பாட்டைப் போட வேண்டியதுதானே? பேரைச் சொன்னா எவ அழுவா?"

மாலை மாறிய கதை

அண்ணாகிராமம் பக்கத்தில் வேலாயுதம் என்று ஒரு முந்திரி வியாபாரி. விஞ்ஞானி ஒருவர் மறைந்தபோது அஞ்சலி நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுத்தார். விஞ்ஞானிக்கும் முந்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் கைகூப்பி நிற்கிற படம் கீழே வர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. விஞ்ஞானிக்கு நல்ல படம் கிடைக்கவில்லை, தபால்தலை அளவில் ஒன்றுதான் இருந்தது. வேலாயுதமோ ஸ்டுடியோவில் போய் ஆளுயரத்துக்கு எடுத்துக் கொடுத்திருந்தார். ஆரோக்கியத்தின் கம்ப்யூட்டரில் மாலை, ஊதுபத்தி எல்லாம் தயாராக இருக்கும். பெரிய படம் எதுவோ அதன் கழுத்தில் மாலை தானாகப் போய் விழும். விழுந்தது. காலைச் செய்தியோடு ஒளிபரப்பும் ஆனது.

ஒன்பதரை மணிக்கெல்லாம் பண்ருட்டிப் பக்கத்துச் சொந்தம் ஒரு டெம்போவில் வந்து இறங்கிவிட்டதாம். புதுச்சேரியிலிருந்து மைத்துனர் மலர்வளையத்தோடு வந்து, வாசலில் லுங்கியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து "மச்சான்!" என்று அலறி, வளையத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாராம். நானும் சேகர் அண்ணனும் மன்னிப்புக் கேட்கப் போனோம். இனி வாழ்நாளில் விளம்பரம் தரமாட்டார் என்று அண்ணன் வழியெல்லாம் புலம்பினார். ஆனால் வேலாயுதம் குஷியாக இருந்தார். யார் யார் வந்தார்கள், யார் நிஜமாக அழுதார்கள், யார் வரவே இல்லை என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். சின்னத் தம்பி வீட்டிலிருந்து ஒருத்தரும் வரவில்லை என்பதில்தான் கொஞ்சம் வருத்தம். "போனது போகட்டும், அடுத்த தடவை பாத்துப் போடுங்க" என்றார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி வெளியே வந்தார்.

"அடுத்த தடவையா? வந்து அழுதவுங்களுக்கெல்லாம் காபி போட்டே நான் செத்துட்டேன், மொதல்ல என்னைப் போடச் சொல்லுங்க."

இரண்டு நிமிடம்

சிதம்பரத்தில் ஒரு கவிஞருக்கு இரங்கல் கூட்டம். பேசியவர்கள் எல்லாரும் அவருடைய மரபுக் கவிதையை மட்டுமே பேசினார்கள். சினிமாவுக்கு அவர் எழுதிய குத்துப் பாட்டுகளை ஒருத்தரும் மறந்தும் தொடவில்லை. எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றபோது, முன்வரிசையில் ஒருவர் பையிலிருந்து போன் அலறியது. ரிங்டோன் அந்தக் கவிஞர் எழுதியதிலேயே படுமோசமான குத்துப் பாட்டு. போன்காரர் பதறிப் போய் எல்லாப் பையிலும் தேடினார், கைக்குச் சிக்கவில்லை. பாட்டு பல்லவி முடிந்து சரணத்துக்குப் போனது. கடைசி வரிசையில் ஒரு கால் தாளம் போட்டது. தலைமை தாங்கிய ஐயா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"விடுங்க, இதுவும் அவரு எழுதுனதுதான்."

முன்கூட்டியே

அதே சிதம்பரத்தில், ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர். ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். அவருக்கு அது பற்றாது. ஒரு நவம்பரில் பஸ் பிடித்து எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் நான்கு பக்கம் டைப் செய்த தாள், ஒரு போட்டோ. "என்னைப் பத்தித்தான். கடைசி நேரத்துல அவசரத்துல தப்பா எழுதிடுவீங்க. எல்லாம் இறந்த காலத்துலயே எழுதியிருக்கேன், நீங்க ஒண்ணும் மாத்த வேணாம்" என்றார். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். ஆரோக்கியம் சிரிப்பை அடக்கமுடியாமல் ஒயரைத் தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் போய்விட்டான்.

வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் நகரவில்லை. ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார். அலுவலகத்தில் நின்றுகொண்டு, என் அஞ்சலிக் குரலில், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கே அவர் மறைவை வாசித்தேன். இரண்டு இடத்தில் என் ழகரத்தைத் திருத்தினார். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படிக்கச் சொன்னார். மனைவியைப் பற்றி ஒரு வரி வந்தது, அவர் போய் ஆறு வருஷம் ஆயிற்று என்று. அதை வாசிக்கும்போது மட்டும் திருத்தம் எதுவும் சொல்லவில்லை, தலை குனிந்துகொண்டார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா இருக்கும்மா. அன்னிக்கு நான் இருந்து கேக்க முடியாதேன்னுதான் வருத்தம்."

மாதிரி

பரங்கிப்பேட்டையில் கமாலுதீன் என்று ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அது சாப்பாட்டுக்கு. மற்றபடி இருபது வருஷமாக ஒரு பெரிய நகைச்சுவை நடிகர் மாதிரி பேசுவதுதான் அவர் வாழ்க்கை. கல்லூரி விழா, கல்யாண ரிசப்ஷன், கடை திறப்பு எல்லாவற்றிலும் அதே தொளதொள சட்டை, அதே குரல். ஊரில் அவரை யாரும் கமால் என்று கூப்பிடுவதில்லை, நடிகர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்த நடிகர் இறந்த அன்று காலையில் கமால் கடைக்கு ஆட்கள் வந்து அவர் கையைப் பிடித்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்களாம். சேகர் அண்ணனுக்கு ஒரு யோசனை. நடிகர் குரலிலேயே ரசிகர்களுக்கு 'போய்வருகிறேன்' சொல்ல வேண்டும், கமாலைக் கூப்பிடு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் கூப்பிட்டேன். அவரும் வந்தார், சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு.

கேமரா ஓடியது. முதல் வரியிலேயே ஆரோக்கியம் குலுங்கிச் சிரித்தான்; குரல் அப்படி. இரண்டாவது வரியில் கமால் நின்றார். தொண்டையைச் செருமினார். மறுபடி ஆரம்பித்தார், வரவில்லை. "முடியல மேடம், சும்மா பேசட்டுமா?" என்று கேட்டார். அவருடைய சொந்தக் குரலை நான் அன்றுதான் முதல் தடவை கேட்டேன். மெல்லிய குரல், லேசாகத் திக்கும். ஒரு தடவை கடலூருக்கு ஷூட்டிங் வந்த நடிகரை நேரில் பார்த்ததைச் சொன்னார். நடிகர் இவர் பேசிக்காட்டியதை முழுசாகக் கேட்டுவிட்டு, "நான் கூட இவ்ளோ நல்லா என்னை மாதிரி பேச மாட்டேம்ப்பா" என்றாராம். அதைத்தான் ஒளிபரப்பினோம். 'யாருங்க அந்த ஆளு, அவரு மாதிரியே பேசலியே' என்று ஏழெட்டு போன் வந்தது. சேகர் அண்ணனின் திட்டு தனி.

இரண்டு மாசம் கழித்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கமாலைப் பார்த்தேன். மறுபடி மேடை ஏறிவிட்டாராம். காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரிசப்ஷனில் பேசிவிட்டு வருகிறார். எப்படிப் போனது என்று கேட்டேன். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"இருபது வருஷமா அதே டயலாக்தான் மேடம், விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இப்ப அதையே பேசுனா மாப்பிள்ளை வீடு பூரா மூக்கைச் சிந்துது. நான் இன்னா மாத்திப் பேசிட்டேன்?"

இத்தனை வருஷம் இருக்கிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், நான் இதுவரை சேர்ந்து வேலை பார்த்தவர்களிலேயே தொந்தரவில்லாத மனிதர்கள் போய்ச் சேர்ந்தவர்கள்தான் என்று தோன்றுகிறது.