நிமிஷத்துக்கு நாலு சொட்டு

பின்தெருத் தையல்காரி எனக்கு மூன்று நாள் கூலி பாக்கி வைத்திருந்தாள். குழாய்க்காரனுக்குப் பாக்கி வைக்க யாருக்கும் தைரியம் வராது. அடுத்த தடவை வீடு மிதக்கும்போது யாரைக் கூப்பிடுவது? மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் சுவரில் காதை வைத்தால் எந்த மூட்டில் கசிகிறது என்று சொல்லிவிடுவேன். இன்ஜினீயர்கள் சுவரை உடைத்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொல்வார்கள்.

அவள் குண்டூசிகளை வாயில் கடித்துக்கொண்டே சண்டை போடக்கூடியவள். புருஷன் விட்டுவிட்டு ஓடிய அன்றைக்கும் ஏழு சட்டைக்குக் காஜா எடுத்தாளாம். வனக்காவலர்களுக்கு அளவெடுக்கப் போன இடத்திலிருந்து சாண் உயரக் காட்டுப் பெரணிச் செடி ஒன்றைச் சோற்று டப்பாவில் கொண்டுவந்தாள். பூக்காது, காய்க்காது. குளியலறைக்குப் பின்னால், வெயில் எட்டிப் பார்க்காத சந்தில், செங்கல் இடுக்கில் பத்து வருஷம் வளர்த்தாள்.

குளியலறைச் சுவர் உதிர்கிறதென்று என்னைக் கூப்பிட்டாள். மூன்றே நாளில் கசிவை அடைத்தேன். பிரமாதமான வேலை. மாசக் கடைசியில் கூலி வாங்கப் போனால், பெரணி கருவாடாகத் தொங்கியது.

"நீங்க அடைச்சது குழாயை இல்லண்ணே, இதோட தொண்டையை."

"தண்ணி ஊத்த வேண்டியதுதானே, தங்கச்சி?"

"ஊத்தினா வேர் அழுகுது. அதுக்குச் சுவரே ஈரமா இருக்கணும். செடி வரட்டும், கூலி வரும்."

நர்சரியிலிருந்து பளபளவென்று ஒன்று வாங்கிப் போனேன்.

"இது ஹோட்டல் வாசல்ல நிக்கிற சாதி. தூக்கிட்டுப் போங்க."

கூலி போனால் போகட்டும். சட்டை தைக்க வருகிறவர்களிடமெல்லாம் "குழாய்க்காரர் கொன்னுட்டார்" என்கிறாளே, என் பேர் என்ன ஆவது? சுவரின் வெளிப்பக்கம் மெல்லிய குழாய் ஒன்றை இழுத்து, நிமிஷத்துக்கு நாலு சொட்டு விழ வைத்தேன். முப்பத்தெட்டு வருஷம் ஒழுகலை நிறுத்திய கைக்கு, ஒழுக வைக்க நாலு தடவை போக வேண்டியிருந்தது.

ஆறு மாசம் கழித்துப் பார்த்தால் செங்கலில் பச்சைப் படலம். பாசி என்று பிரஷ்ஷை எடுத்தேன். என் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"அது குட்டிண்ணே! இலைக்கு அடியில இருந்த தூள் உதிர்ந்து முளைச்சிருக்கு."

அடுத்த மாசம் அந்தப் படலத்திலிருந்து கொசுவத்திச் சுருள்போலப் பதினொரு தளிர்கள் எழுந்தன. அவள் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள். "கையை நீட்டுங்க."

"நாலு தடவை வந்த கூலி?"

"அது நீங்க ஒழுக வைக்கக் கத்துக்கிட்ட ஃபீஸு. கழிஞ்சு போச்சு."

விரித்த உள்ளங்கையில் மூன்று நாள் கூலியை, எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தாள்.