கேட்டு வாங்கிய பெயர்

எங்களுக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிழைத்ததும் சாமுவேல் என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தோம். பெயரைத் தேர்ந்தவர் என் கணவர். "கடவுள்கிட்ட கேட்டு வாங்கின பிள்ளைன்னு அர்த்தம் புள்ள" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. நான் திருமங்கலம் பக்கத்தில் காடு கழனி பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். கல்யாணத்தின்போதுதான் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தேன். வேதாகமக் கதைகள் அரைகுறையாகத்தான் தெரியும்.

மீதிக் கதையைப் பெண்கள் கூட்டத்தில் கேட்டேன். பிள்ளையில்லாத அன்னாள் அழுது வேண்டி வேதாகமத்துச் சாமுவேலைப் பெற்றாள். அவன் பால் மறந்ததும் ஆலயத்திலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அந்தப் பிள்ளைதான் தீர்க்கதரிசியானான். மற்றவர்கள் பாட்டுக்கு எழுந்தார்கள். நான் மடியில் கிடந்த மகனைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டேன்.

அதன்பின் மகனுக்கு நான் பாலை நிறுத்தவில்லை. தெருவில் ஓடியாடுகிற வயதிலும் மடியில் வந்து விழுவான், கொடுப்பேன். "இம்புட்டுப் பெரிய பயலுக்கு இன்னும் என்ன பாலு?" என்று நாத்தனார், என் மார்பில் பூசச் சொல்லி வேப்பிலை அரைத்து நீட்டினாள். வாங்கிச் சாக்கடையில் கொட்டினேன். அவன் லேசாக இருமினாலும் நெஞ்சில் காது வைத்துப் பார்ப்பேன். அடுப்பில் சோறு குழைந்துபோகும்.

கடைசியில் பாதிரியாரிடம் போனேன். என்னைவிட இளையவர். கேட்டு வாங்கினது என்று அர்த்தம் வரும் பெயர் வேண்டாம், மாற்றித் தாருங்கள் என்றேன்.

"எபிரேய மொழியில வேற மாதிரிம்மா" என்றார். "ஷேம்னா பேரு, ஏல்னா கடவுள். கடவுளோட பேருன்னு வரும். கடவுள் கேட்டார்னும் சிலர் சொல்றாங்க. கேட்டு வாங்கினதுன்னு அன்னாள் சொன்னது அவ மனசுல இருந்தது. அந்தச் சொல்லு இந்தப் பேருல சரியா ஒட்டாது."

"கேட்டார்னா எப்படிங்கய்யா? காதாலயா, வாயாலயா?"

"காதாலதாம்மா. நீங்க அழுதது அவருக்குக் கேட்டுச்சுன்னு."

"திருப்பி வாயால கேக்க மாட்டாருல்ல?"

அவர் கையிலிருந்த வேதாகமத்தை மூடி வைத்தார். பிறகு, "எங்களுக்கும் ஒரு பிள்ளை தவறிப்போச்சும்மா. எனக்குத் தெரியல" என்றார்.

என்னவோ, அதைக் கேட்டபின்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது. அந்த வாரமே பாலை நிறுத்தினேன். மகன் கத்தினான், சேலையைப் பிடித்து இழுத்தான், பிறகு கேப்பைக் கூழுக்குப் பழகினான். யாரும் வந்து அவனைக் கேட்கவில்லை. வளர்ந்தான், மில்லில் சேர்ந்தான், கல்யாணமும் ஆனது. ஆனாலும் மில் சங்கு ஊதியும் அவன் வரத் தாமதமானால் தெருமுனையில் போய் நிற்பேன்.

"ஏம்மா இப்படி மானத்த வாங்குற?" என்று திட்டுவான்.

மறுநாளும் போவேன்.