திறந்திருந்த வளையம்

பிணத்தில் கிடக்கும் புழுக்களைப் பார்த்து, ஆள் எப்போது செத்தான் என்று சொல்வதுதான் ஷஹீராவின் வேலை. அலெக்சாந்திரியாவில் எங்கள் ஆய்வகத்துக்கு அவள் வந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது.

அந்த ஆகஸ்டில் கடிகார வியாபாரி வதீஹை யாரோ கொன்றுவிட்டார்கள். புதன்கிழமை மதியம்தான் கதவை உடைத்தார்கள். புழுக்கள் நன்றாகப் பெருத்திருந்தன. பச்சை ஈயின் புழு, நான்கு நாள் வயது, சனிக்கிழமை கொலை என்று ஷஹீரா கையெழுத்துப் போட்டாள். சனிக்கிழமை வதீஹோடு தெருவே கேட்கச் சண்டை போட்டவன் அவர் வீட்டில் குடியிருந்த தவ்வாப், குழாய் வேலை செய்பவன். ஞாயிறு காலையே தங்கை கல்யாணத்துக்கு மன்சூரா போனவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

விசாரணைக்கு முதல் நாள் காலை, சாட்சி சொல்லத் தயாராகும்போது, மிச்சப் புழு ஒன்றின் வால்பக்கத்தை நுண்ணோக்கியில் வைத்தாள். புழு மூச்சு விடும் இடம் அது. மூன்று கீற்றுகள், சுற்றிலும் கறுத்த வளையம். பச்சை ஈ என்றால் வளையம் மூடியிருக்கும். இது கீழே திறந்திருந்தது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் அப்படித்தான். ஒன்பது புழு பார்த்தபின் எழுந்து, பக்கத்து மேசையில் இருந்த எனக்கு இடம் விட்டாள்.

இறைச்சி ஈ. முட்டையிடாமல் புழுவாகவே போடும் இனம், மளமளவென்று வளரும். இந்தப் பருமனுக்கு இரண்டு நாள் போதும். அப்படியானால் கொலை திங்கட்கிழமை. முதல் அறிக்கைக்கு அவள் பார்த்த பழைய கண்ணாடித் தகட்டை எடுத்தோம். வளையத்தின் வாயை ஒரு காற்றுக்குமிழி மறைத்திருந்தது.

தலைமை டாக்டர் ஃபிக்ரி கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். "இதைச் சொன்னா நீ இதுவரைக்கும் கையெழுத்து போட்ட எல்லாத்தையும் நோண்டுவாங்க."

"நோண்டட்டும் டாக்டர். கல்யாண வீட்டுல இருந்தவனைத் தூக்குல போடச் சொல்லிட்டு நான் எப்படிச் சோறு திங்கிறது?"

அரசு வழக்கறிஞரிடம் அவளே போனாள். அவர் தகட்டைத் தொடவே இல்லை. முதலில் பொய் சொன்னாயா, இப்போது சொல்கிறாயா என்று இரண்டு மணி நேரம் கேட்டார். கடைசியில் கெய்ரோவிலிருந்து வேறொருவரை வரவழைத்துப் பார்க்கச் சொன்னார். அவரும் இறைச்சி ஈ என்றார். திங்கட்கிழமை தவ்வாபை மன்சூராவில் நூறு பேர் பார்த்திருந்தார்கள்.

விடுதலையானவன் நேராக ஆய்வகத்துக்கு வந்தான். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"முப்பத்தோரு நாள் உள்ள இருந்தேன் டாக்டரம்மா. உங்களுக்கு நன்றி சொல்லணுமா, உங்களைத் திட்டணுமான்னு வழியெல்லாம் யோசிச்சேன். இன்னும் தெரியல."

"திட்டுங்க," என்றாள் ஷஹீரா.

அவன் திட்டவில்லை. கொஞ்ச நேரம் நுண்ணோக்கியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான். ஆறு மாதம் அவள் கையெழுத்துப் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த ஆறு மாதமும் என் அறிக்கைகளுக்குத் தகடு செய்து கொடுத்தது அவள்தான்.