கணினிமேல் போர்த்திய துண்டு

ஓமலூர்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் அந்த மருத்துவரைச் சந்தித்தேன். நரையோடிய மீசை, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. நோயாளி எதிரே அமர்ந்ததும் மேசைமேலிருக்கும் கணினியை ஒரு வெள்ளைத் துண்டால் மூடிவிடுவார். பரிசோதித்து முடித்த பின்பே துண்டை விலக்கி விவரங்களைப் பதிவார்.

கோயிலில் பதிகம் பாடும் நான் இரத்தக் கொதிப்புக்கு மருந்து வாங்கக் காத்திருந்த நாளில், மேச்சேரியில் ஆடு வளர்க்கும் ஒரு பெண் மூச்சுத் திணற, அவளை அவள் கணவன் அழைத்துவந்தான். துண்டு கணினிமேல் ஏறியது. மேலாளர் ஓடிவந்தார்.

“டாக்டருங்க, அந்தம்மா போனுக்கு வர்ற ஓ.டி.பி.யப் போட்டு என்ட்ரி முடிச்சாத்தான் ஊசி. இல்லீன்னா மேல கேப்பாங்க.”

“போன் எங்கீங்க?” என்று மருத்துவர் கணவனைக் கேட்டார்.

“ஊட்டுல இருக்குதுங்க.”

“கேட்டீங்களா மேனேஜர்? நம்பர் மெதுவா வரட்டும். இந்தம்மாவுக்கு மூச்சு இப்பவே வரோணும். மேல கேட்டா எம்பேரச் சொல்லுங்க” என்றபடியே ஊசியைச் செலுத்தினார். சற்று நேரத்தில் மூச்சு சீரானது.

அடுத்த மாதம் நான் சென்றபோது, விளக்கம் கேட்டு வந்த மெமோ அவர் மேசையில் கிடந்தது.

“பயமில்லீங்களா?” என்றேன்.

அதையும் துண்டுக்கடியில் தள்ளினார். “பதில் சாயங்காலம் எழுதிக்கலாமுங்க. கைய நீட்டுங்க சாமி.”

கோயிலில் இறைவனைத் திரையிட்டு மறைப்பார்கள். அவரோ, மனிதர் கண்ணுக்குத் தெரியவேண்டி இயந்திரத்துக்குத் திரையிட்டார். இன்றும் கருவறைத் திரை விலக, பதிகம் பாட வாயெடுக்கும்போது எனக்கு முதலில் அந்தத் துண்டே நினைவில் எழுகிறது. இறைவன் அதைப் பிழையென்று கொள்வானோ, அறியேன். நான் கொள்ளவில்லை.